ஓடுகிற வீட்டுக்கு எந்த நாய்? திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

"நாங்கள் ரொம்ப ஆக்டிவான குடும்பம். அதற்கேற்ற மாதிரி ஆக்டிவான நாயாக வேண்டும்." நாய்ப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பலர் பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரியை நம்பி எடுத்த நாய்கள்தான் ஒரு வயது முடிவதற்குள் "யாராவது நல்ல வீடாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்களா?" என்ற கேள்வியோடு என்னிடம் வந்து நிற்கின்றன.

அழகைப் பார்த்து மயங்காதீர்கள், தடுப்பூசியை மறக்காதீர்கள், செலவைக் கணக்குப் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். நன்றாகப் படித்து, விசாரித்து, நாய்மேல் உண்மையான ஆசையோடு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. ஆரம்பத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான். புதிதாக வருகிறவர்கள் வரிசையாக அதே இடத்தில் விழும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஓட்டம் வேறு, வேலைவெறி வேறு

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு வீடு. கணவன், மனைவி இருவருமே நெடுந்தூர ஓட்டக்காரர்கள். சின்னப் பையன் ஒருவன். அவர்கள் எடுத்தது பார்டர் கோலி. புத்திசாலி நாய்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதலில் வந்து நிற்குமே, அதே இனம். குட்டிக்குப் பத்து மாதம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். பையனை நாய் கடிக்கிறதாம்.

போய்ப் பார்த்தேன். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நாய் நின்றுகொண்டிருந்தது. உடல் தாழ்ந்திருந்தது, ஒரு முன்னங்கால் பாதியில் தூக்கியபடி இருந்தது, கண் பையனை விட்டு அசையவில்லை. பையன் ஓடினான். நாய் நேராகப் பின்னால் போகவில்லை. அகலமாக ஒரு வளைவு எடுத்துப் போய்க் குதிகாலில் ஒரு கொத்து. பையன் நின்றதும் நாயும் நின்றுவிட்டது. உறுமல் இல்லை, பல் காட்டல் இல்லை, ரத்தமும் இல்லை. பையன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் என்ன செய்யும் என்று கேட்டேன். சுவரில் சுழலும் மின்விசிறி நிழலையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார்கள்.

இது கடிநாய் இல்லை. ஆடு மேய்க்கிற நாய். ஆடு இல்லாத வீட்டில் பையன் ஆடாகிவிட்டான்.

ஓநாயின் வேட்டையைப் படிப்படியாகப் பிரித்தால் குறிவைத்துப் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வரும். மேய்ப்பு நாய்களை உருவாக்கியவர்கள் முதல் மூன்றையும் தலைமுறை தலைமுறையாகக் கூர்தீட்டி, கடைசிப் படிகளை அமுக்கினார்கள். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாய், குரைக்காமல் பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சம் அதில்தான் போய் முடிகிறது. அதாவது, அந்தப் பார்வைக்காகவே நூறு வருஷத்துக்கு மேல் பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்திருக்கிறார்கள். அப்படி வந்த நாயை வீட்டில் வைத்துக்கொண்டு "ஏன் இப்படி முறைக்கிறது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சரி, இனம் தெரியாமல் எடுத்துவிட்டார்கள், அதுகூடப் பரவாயில்லை. அடுத்து செய்ததுதான் நாயைக் கெடுத்தது. ஓட்டத்தைக் கூட்டினார்கள். காலையில் ஓட்டம், மாலையில் பந்து. அதற்கும் அடங்கவில்லை என்று பந்தை இன்னும் தூரம் வீச ஒரு கோல். "நாயை நன்றாகக் களைக்க வைத்தால் போதும், தானாக அடங்கிவிடும்" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். இந்த யோசனையை யார் சொல்லிக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓட ஓட உடல் பழகிவிடும். போன மாதம் களைத்துப் படுக்கவைத்த தூரம் இந்த மாதம் வெறும் வார்ம்-அப். மாரத்தானுக்குத் தயாரானபோது தங்கள் உடம்புக்கு நடந்தது நாய் உடம்புக்கும் நடக்கும் என்பது ஓட்டக்காரர்களுக்கே தோன்றவில்லை, பாருங்கள். பந்து இன்னும் மோசம். ஒவ்வொரு முறை வீசும்போதும் முறைத்தல், பதுங்கல், பாய்தல் என்று அதே சங்கிலிக்கு ஒரு ஒத்திகை. தினமும் அத்தனை ஒத்திகை கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் பையனைப் பார்த்து அதைச் செய்யாதே என்றால் எப்படி?

நாங்கள் செய்தது நேர்மாறு. பந்தை நிறுத்தினோம். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தோம். பகலில் க்ரேட்டில், அதாவது நாய் படுக்கும் கூண்டில், கட்டாய ஓய்வு. வளர்ந்த நாயே ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் தூங்கும், குட்டிகள் இன்னும் அதிகம் தூங்கும். இந்தக் குட்டிக்கு அந்தத் தூக்கமே கிடைத்திருக்கவில்லை. பாயில் படு என்றால் யார் கடந்து போனாலும் எழாமல் படுத்திருப்பதை நொடி நொடியாக நீட்டிப் பழக்கினோம். மூக்கால் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுகள் கொடுத்தோம். பையனுக்கும் ஒரு பயிற்சி உண்டு: நாய் முறைத்தால் ஓடாதே, மரம்போல நில். மாதக்கணக்கில் உழைத்த பிறகு குதிகால் கொத்து நின்றது. நிழல் பார்ப்பது மட்டும் நிற்கவே இல்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் அது லேசில் போகாது.

ஆகவே "இது எவ்வளவு ஓடும்?" என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. "இதை எந்த வேலைக்கு உருவாக்கினார்கள்? அந்த வேலையில் காத்திருப்பு உண்டா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். சுட்டு விழுந்த பறவையை எடுத்துவர உருவான லாப்ரடார், சொல்லும்வரை வேட்டைக்காரர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது அதன் வேலையிலேயே பாதி. அதனால்தான் நல்ல லாப்ரடார் மலையேறவும் வரும், திரும்பி வந்ததும் வாசலில் விழுந்து தூங்கவும் செய்யும். மேய்ப்பு நாய்க்கு அசைவதெல்லாம் வேலைக்கு அழைப்பு. பெல்ஜியன் மாலினோய்ஸ் போலீஸிலும் ராணுவத்திலும் பெயர் எடுத்தது, அதற்கென்றே நாள் முழுக்க ஒரு ஆள் இருப்பதால். ஹஸ்கி பனியில் வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டே போகப் பிறந்தது, திரும்பி வா என்பது அதன் அகராதியிலேயே கிடையாது. நான்கும் நன்றாக ஓடும் நாய்கள். வீட்டுக்குள் நான்கு விதமான வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கணக்குப் போடுவது

சுறுசுறுப்பான குடும்பம் என்று சொல்கிறவர்களிடம் ட்ரெக்கிங் படங்கள் இருக்கும். நான் கேட்பது செவ்வாய்க்கிழமையைப் பற்றி. இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை, வெளியே மழை. அன்றைக்கு நாய்க்கு என்ன கிடைக்கும்? முக்கால் மணி நேர நடையா? அப்படியென்றால் முக்கால் மணி நேரத்தில் திருப்தியாகும் நாயைத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் உங்களோடு மலையேறும், கவலைப்படாதீர்கள். வாரம் முழுக்க சோம்பலும் கடைசி நாளில் மூன்று மணி நேர ஓட்டமும் நாயின் தசைக்கும் மூட்டுக்கும் கேடு.

சின்ன நாய்தானே

ஜாக் ரஸ்ஸல் என்ற சின்ன வேட்டை நாயோடு ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

குட்டியை ஓட்டத் துணையாக்குவது

நாலு மாதக் குட்டியை ஜாகிங்குக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்திச் சொல்லத் தோன்றும். நீள எலும்புகளின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் அந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். நடுத்தர நாய்களுக்கு ஏறத்தாழ ஒரு வயதிலும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வாக்கிலும், மிகப் பெரியவற்றுக்கு அதற்கும் பிறகும்தான் அவை முழுக்க எலும்பாகி மூடும். அதற்குமுன் அடிபட்டால் கால் வளைந்தோ குட்டையாகவோ வளரலாம். குட்டி தன் இஷ்டத்துக்குப் புல்லில் ஓடி, விழுந்து, படுத்துக்கொள்வதில் பயமில்லை. உங்கள் வேகத்தில், கெட்டித் தரையில், நிறுத்தச் சொல்ல வழியில்லாமல் வாரில் கட்டி ஓடவைப்பதில்தான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்தால் தட்டு மூடிவிட்டதா என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

இந்த வருஷமே ஓட்டத்துணை வேண்டும் என்றால் குட்டி எடுக்காதீர்கள். வளர்ந்த நாய் எடுங்கள்.

எந்த ஓட்டம் என்று சொல்லாமல் கேட்பது

கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதைப் பார்த்துவிட்டு நெடுந்தூர ஓட்டத்துக்கு அதை எடுக்க நினைக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட நீடிக்காத பாய்ச்சல் அது. மீதி நேரமெல்லாம் சோபாதான். கண்ணால் வேட்டையாடும் நாய்கள் பெரும்பாலும் இப்படித்தான், சிப்பிப்பாறை உட்பட. நிதானமான வீட்டுக்கு நல்ல நாய், ஆனால் பூனையோ முயலோ கண்ணில் பட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது.

சீரான வேகத்தில் தூரம் ஓட வேண்டும் என்றால் விஸ்லா, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாய்ன்டர் இரண்டையும் பாருங்கள். ஒரே நிபந்தனை, தனியாக விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு அவை ஆகாது, ஆளோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். குதிரை வண்டியோடு ஓடப் பழக்கப்பட்ட டால்மேஷியனும் தூரம் தாங்கும். ஆனால் ஒரு காதிலோ இரண்டிலுமோ கேளாமல் பிறக்கும் குட்டிகள் அந்த இனத்தில் கணிசம், செவிப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். அவிழ்த்துவிட்டுக் காட்டில் நடக்க ஆசை என்றால் பீகிளை விட்டுவிடுங்கள். மூக்கு ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். நீளமுதுகு டாக்ஸ்ஹண்டைப் பாறை பாறையாகக் குதிக்கவிட்டால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கலாம்.

சப்பை மூக்கு நாய்கள்

பக், பிரெஞ்சு புல்டாக். ஓடுகிற வீட்டுக்கு வேண்டாம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பால்தான். இவற்றுக்கு அந்த மூச்சே சரியாகப் போய்வராது.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்

மாட்டார்கள்.

இனத்தின் பெயரை மட்டும் வாங்குவது

இவ்வளவு நேரம் இனம் இனம் என்று பேசிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களை எடுத்துக்கொண்டது. தனித்தனி நாய்களின் நடத்தையில் தெரியும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான் என்று அதில் வந்தது. உடனே "பார்த்தீர்களா, இனமெல்லாம் பொய்" என்று கிளம்பிவிட வேண்டாம். சொன்னதைக் கேட்டுப் பழகுமா என்பது போன்ற சில குணங்களில் இனத்தின் கை அதே ஆய்வில் சற்று ஓங்கியிருந்தது. மீதி எல்லாம் அந்தக் குறிப்பிட்ட நாயைப் பொறுத்தது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒரே இனத்துக்குள் இருக்கும் லைன், அதாவது எந்த நோக்கத்துக்காக இணைசேர்த்து வந்த வம்சம் என்பது. கண்காட்சி லைனில் வந்த லாப்ரடாரும் வேட்டை லைனில் வந்த லாப்ரடாரும் பெயரில் மட்டும்தான் ஒன்று. முன்னது கட்டைகுட்டையாக, நிதானமாக இருக்கும். பின்னது ஒல்லியாக, கால் தரையில் பாவாமல் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டிலும் இதே கதை. அதனால் குட்டி போடவைத்து விற்கும் ப்ரீடரிடம் சான்றிதழைக் கேட்பதோடு நிற்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் தகப்பனையும். புது ஆள் உள்ளே வந்ததும் தாய் என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

லாப்ரடார் எடுப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைவு. அவற்றுக்குப் பசி கூடுதல், எடையும் ஏறும். "எங்கள் நாய் நன்றாக ஓடுகிறதே, சாப்பிடட்டும்" என்று விட்டால் மூட்டு முதலில் போகும். தட்டை அளந்து வையுங்கள்.

வளர்ந்த நாயைத் தேடிப் பார்க்காமல் இருப்பது

காப்பகத்தில் இரண்டு மூன்று வயது நாய் கிடைத்தால் பாதி யூகம் மிச்சம். எலும்பு வளர்ந்துவிட்டது, குணம் வெளியே தெரிகிறது. கலப்பினம் என்று ஒதுக்காதீர்கள். என் பயிற்சிக்கு வருகிறவற்றில் மலைப்பாதைக்கு மிகச் சரியாக அமைந்தவற்றில் பல பெயர் சொல்ல முடியாத கலப்புகள்தான். பார்க்கப் போனால் கூண்டுக்கு வெளியே நின்று முடிவெடுக்க வேண்டாம். கூண்டுக்குள் எந்த நாயும் ஒன்று குதிக்கும், இல்லையென்றால் சுருண்டு கிடக்கும். வெளியே கூட்டிப்போய் ஒரு நல்ல நடை நடந்துவிட்டு வாங்க. அப்புறம் ஒரு நாற்காலியைப் போட்டு, வாரைக் காலடியில் மிதித்துக்கொண்டு, அரை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்காருங்கள். கொஞ்ச நேரம் முனகிச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிற நாய் என்றால் மேற்கொண்டு பேசலாம். அரை மணி நேரமும் வாரைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், இன்னொரு நாள் வந்து மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.