தெரிந்த ஆறுதான் என்று இறங்காதீர்கள்

காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு எந்த மாதத்தில் தண்ணீர் வரும், எந்தத் துறையில் முழங்கால் அளவு, எங்கே ஆளை விழுங்கும் மடு என்பதெல்லாம் மனப்பாடம். அந்தக் கணக்கு இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் மேட்டூர் அணை, 2024-இல் போதிய நீரின்றி அன்று திறக்கப்படவில்லை; அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் கர்நாடகத்தில் பெய்த கனமழையால் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, உபரிநீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தது. வறண்ட மணலும் கரைபுரளும் வெள்ளமும் சில வாரங்களுக்குள் மாறி மாறி வரும் காலத்தில், சென்ற ஆண்டு குளித்த துறை இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்குவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு முறையும் அதைப் புதிய தண்ணீராக நினைத்துப் பார்த்துப் பழக வேண்டும்.

ஆற்றில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் கரையில் நில்லுங்கள். ஒரு குச்சியை நீர் தொடும் விளிம்பில் நட்டுவிட்டுக் கவனியுங்கள். தண்ணீர் குச்சியைத் தாண்டி ஏறினாலும், தெளிவாக இருந்த நீர் திடீரென்று செந்நிறமாகக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும், மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது அல்லது மதகு திறந்திருக்கிறது என்று பொருள். உடனே மேலேறிவிடுங்கள், துணியை, செருப்பை எடுக்கத் திரும்ப வேண்டாம். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பது எதற்கும் உத்தரவாதமல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழையால் திடீரென வந்த வெள்ளம், குளித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனை அடித்துச் சென்றுவிட்டது. நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தண்ணீர் திறப்பு பற்றி அறிவித்தால், ஆடிப்பெருக்கு நாளாகவே இருந்தாலும் கரையிலேயே முளைப்பாரியைக் கரைத்து, சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு திரும்புவதே அறிவுடைமை.

ஆற்றைவிட ஏமாற்றக்கூடியவை ஏரியும் குட்டையும். மண் அள்ளிய ஏரிகளில் இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி பள்ளத்தில் விழக்கூடும். மேலிருந்து பார்த்தால் ஒரே மட்டமாகத்தான் தெரியும். கைவிடப்பட்ட கல்குவாரியில் செங்குத்தான பாறைதான் கரை. பிடித்து ஏற இடமிருக்காது. இப்போது வயல்களில் பெருகிவரும் பண்ணைக்குட்டைகளைப் பற்றி மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். தார்ப்பாய் விரித்த குட்டையின் சரிவில் பாசி படிந்துவிட்டால், நன்றாக நீந்தத் தெரிந்தவரால்கூட வழுக்கி வழுக்கி மேலேற முடியாது. குட்டை வைத்திருப்பவர்கள் நான்கு பக்கமும் ஒரு முளையடித்து, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட தடித்த கயிற்றை அடிவரை தொங்கவிடுங்கள். சுற்றிலும் வேலி போடுங்கள். செலவு சொற்பம்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகளுக்கும் இதே அக்கறை தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே போதும். ஆகவே வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தரைத்தொட்டியை மூடுங்கள், நீரருகே குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கோடை வெயில் கடுமையாகும்போது பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போகத்தான் செய்வார்கள். வெறுமனே தடுப்பதைவிட நீச்சல் கற்றுக்கொடுப்பதே நல்லது. முதலில் மல்லாந்து மிதக்கப் பழக்குங்கள். இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி, தேர்ந்த பெரியவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் இறக்குங்கள். சுடிதாரும் தாவணியும் நனைந்தால் எப்படிக் காலைச் சுற்றும் என்பதை ஆழமில்லாத நீரில் அவர்கள் அறிந்திருப்பது, தவறி விழும் நாளில் உதவும்.

மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்ப் போய் வருவதால் குரல் எழும்பாது. தலை பின்னால் சாய, கைகள் நீரை அழுத்த, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடக்கூடும். அவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவதை நம் ஊர்களில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். குதிக்காதீர்கள், எதையாவது எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை மீட்டார்கள். அவர்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். இரண்டை இறுக முடிந்து, நுனியில் பாதி நீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டினால் வீசுவதற்கு எடை கிடைக்கும். வீசுகிறவர் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள, இன்னொருவர் அவருடைய கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்களே வெள்ளத்தில் சிக்கினால் நீரோட்டத்தை எதிர்க்காமல், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டிச் சாய்வாகக் கரை ஒதுங்குங்கள்.

மீட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் வேண்டாம். பொன்னான நேரம் அதிலேயே போய்விடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சில்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, முதலில் இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். பெரியவர்களுக்கு மார்பு 5 செ.மீ. உள்ளே செல்ல வேண்டும். மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நகர வெள்ளத்தில் விதி எளியது: சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் வண்டியை விடக் கூடாது. வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஆளைத் தள்ளும், 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும். நடந்தே ஆக வேண்டுமானால் முன்னால் கம்பை ஊன்றி, மூடியில்லாத குழிகளைத் தடவிப் பார்த்து நடங்கள்.

தண்ணீர் வடிந்த பின்பும் மனத்தில் அது வடிவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையிலும் 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரையிலும் கண்டவர்களில் சிலர், இன்றும் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலைப் பார்க்கிறார்கள். அது கோழைத்தனம் அல்ல. மழைக்காலத்துக்கு முன்பே ஆவணங்கள், மருந்து, டார்ச் லைட் ஆகியவற்றை ஒரு பையில் கட்டி மேலே வைத்து, எங்கே போவது என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிட்டால், பதற்றம் வெகுவாகக் குறையும். காப்பாற்ற முயன்று முடியாமல் போனவரிடம் "நீ போயிருக்கலாமே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். உறக்கமின்மையும் பயமும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.