மேல் தொட்டிக்கும் சம்ப் மோட்டாருக்கும் கரண்ட் லைனிலேயே பேச்சு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் சம்ப் (தரைக்கடித் தொட்டி), அதன் மோட்டார் இரண்டும் கீழே, மேல் தொட்டி மூன்றாம் மாடிக்கு மேலே. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்க வேண்டும், அதற்கு மேலிருந்து கீழே செய்தி போக வேண்டும். வைஃபை அங்கே எட்டாது, புது வயர் இழுக்க சுவரைக் கொத்த வேண்டும். ஆனால் 230 வோல்ட் லைன் இரண்டு இடத்துக்கும் ஏற்கெனவே போகிறது, அதன் மேல் 120 கிலோஹெர்ட்ஸ் அளவில் சின்ன சிக்னலை ஏற்றினால் போதும். எக்ஸ்10 என்ற முறை 1975-லேயே செய்த வேலைதான்.

சால்டரிங் அயர்னைத் தொடும் முன் ஃபேஸ் பாருங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸின் சிக்னல் அடுத்ததற்கு ஒழுங்காகத் தாவாது. நான் இரண்டு வாரம் ப்ரோகிராமில் தப்பு தேடினேன், கடைசியில் பார்த்தால் மோட்டார் ஆர் ஃபேஸில், மாடி பாயின்ட் ஒய் ஃபேஸில்! டிபியில் (கரண்ட் பிரியும் மெயின் பெட்டி) ஒவ்வொரு எம்சிபியாக (ட்ரிப் சுவிட்ச்) இறக்கி எது எது அணைகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே ஃபேஸில் வர மாற்ற வேண்டுமானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யூபிஎஸ் லைன் பாயின்டும் வேண்டாம்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஎல்சி மோடம் மாட்யூல் (கரண்ட் லைனில் சிக்னலை ஏற்றி இறக்குவது), ஆர்டுயினோ நானோ (ப்ரோகிராம் ஓடும் குட்டி போர்டு), எச்எல்கே-பிஎம்01 என்ற 5 வோல்ட் சப்ளை, ஃபியூஸ், எம்ஓவி (திடீரென ஏறும் வோல்டேஜிலிருந்து காப்பது). எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் ஒரு நடை போய் விசாரியுங்கள். அந்த சப்ளையே சிக்னலை விழுங்கும், அதனால் அதன் ஏசி பக்கம் ஒரு சின்ன சோக் காயில் போடுங்கள். மோடத்தை லைனோடு இணைக்கும் கப்ளிங்கை நீங்களே கட்டினால் எக்ஸ்2 கெபாசிட்டர் (மெயின்ஸ் லைனுக்கென்றே செய்தது) மட்டும்தான், சாதாரணது ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். லைனில் இருக்கும்போது லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டவே கூடாது.

முக்கியமானது இதுதான்: "தொட்டி நிரம்பிவிட்டது" என்று அனுப்பாதீர்கள். அந்த ஒரு செய்தி தொலைந்தால் தண்ணீர் மாடியெல்லாம் வழியும். அதற்குப் பதில் 10 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் நிரம்பவில்லை" என்று அனுப்புங்கள், 30 விநாடி சத்தமே இல்லையென்றால் மோட்டார் நிற்கட்டும். செய்தி நாலு பைட் போதும்: தொடக்கம், வீட்டு எண், நிலை, செக்சம் (செய்தி கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்). வீட்டு எண் ஏன் என்றால், பக்கத்து வீட்டில் இதே மாட்யூல் இருந்தால் அதன் பேச்சும் இங்கே கேட்கலாம்.

ஆர்டுயினோ இயக்கும் குட்டி சுவிட்சான ரிலேயை நேராக மோட்டாரில் கொடுக்காதீர்கள், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ரிலே கான்டாக்டரை (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும்.

அப்புறம், மத்தியானம் டெஸ்ட் செய்து திருப்தி அடைய வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு எல்இடி பல்பு, டிவி, சார்ஜர் எல்லாம் ஓடும்போது பாருங்கள், இரைச்சல் அப்போதுதான் அதிகம். எங்கள் வீட்டில் மோட்டார் போர்டிலேயே மாட்டியிருந்த ஒரு மொபைல் சார்ஜரைக் கழற்றியதும் விட்டுப்போன செய்திகள் எல்லாம் வந்துவிட்டன.