கிருஷ்ணகிரியிலிருந்து புரோக்கன் ஹில்லுக்கு மணி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்கூரிலிருந்தோ காவேரிப்பட்டணத்திலிருந்தோ பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனால், வீட்டில் தினமும் கேட்கும் கேள்வி "இப்போ அங்க மணி என்ன?" என்பதுதான். மாநிலத்தை வைத்து இதற்குப் பதில் சொல்வதுதான் பெரிய தவறு.

புரோக்கன் ஹில்லையே பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள சுரங்க ஊர் அது. தலைநகர் சிட்னி என்பதால் பலரும் போனில் சிட்னி நேரத்தையே வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊர் பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது. சிட்னிக்கு அரை மணி பின்னால். இதற்குப் பின்னால் ஒரு ரயில் பாதை இருக்கிறது. வெள்ளியும் ஈயமும் 1888 முதல் தெற்கு ஆஸ்திரேலியா வழியாகவே போயின. சிட்னியோடு ரயில் இணைப்பு வந்தது 1927இல்தான். புழக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து நேரமே நிலைத்துவிட்டது. ஓசூர்க்காரர்கள் சென்னையைவிட பெங்களூரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த நமக்கு இது எளிதாகப் புரியும். போனில் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

"நாலு மணி நேரம் வித்தியாசம்" என்று மனப்பாடம் செய்வது அடுத்த தவறு. ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து அக்டோபர் முதல் ஞாயிறு வரை அது சரி. மீதி மாதங்களில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவதால் வித்தியாசம் 5 மணி. நாம் கடை கட்டிவிட்டு இரவு 8 மணிக்கு கூப்பிட்டால், பொங்கல் சமயத்தில் அங்கே நள்ளிரவு 1 மணி! காலை 7 மணிக்கு பேசுங்கள், அங்கே நண்பகல் 12 மணிதான்.

மணி தெரிந்தால் போதாது, வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 6 மணியை ஒட்டியே விடிகிறது, பொழுதும் சாய்கிறது. அங்கே டிசம்பரில் மாலை 8 மணி வரை வெயில் இருக்கும். ஜூனில் 5:30க்குள் இருட்டிவிடும்.

அப்புறம், ஆஸ்திரேலியா என்றதும் கடற்கரையை நினைப்பது. புரோக்கன் ஹில் செம்மண் வறண்ட நிலம். அடிலெய்டே 500 கிலோமீட்டர் தள்ளி. தெருப் பெயர்கள்கூட ஆக்சைடு, சல்பைடு, குளோரைடு! தொலைவில் உள்ள பண்ணை வீடுகளுக்கு மருத்துவர் விமானத்தில் போகிறார். இரவெல்லாம் லாரியும் டீக்கடையுமாக விழித்திருக்கும் நம் நெடுஞ்சாலை ஊரோடு ஒப்பிட்டு "அது செத்த ஊர்" என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற முதல் நகரம் அதுதான்.

பேரப்பிள்ளைகளை மே மாதம் மாம்பழத்துக்கு வரச் சொல்வதிலும் கவனம் வேண்டும். அங்கே அப்போது பள்ளி நடக்கும். நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில்தான், நம் ஊரில் மாமரம் பூக்கத் தொடங்கும் காலம். ஜூலையில் வரும் இரண்டு வார விடுமுறையைக் கேட்டுப் பாருங்கள். பெங்களூரா மாம்பழம் அப்போதும் கிடைக்கும்.