கண்ணுக்கு எத்தனை எஃப்பிஎஸ்னு கேக்காதீங்க: அசைவு பத்தி அடிக்கடி பண்ற தப்புங்க

"மனுஷக் கண்ணுக்கு எத்தனை எஃப்பிஎஸ்?" (அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை படம்)னு யாராவது கேட்டா போதும், 24தான் 60தான்னு சண்டை ஆரம்பிச்சுடும். கேள்வியே தப்புங்க. கண்ணு ஃபிரேம் ஃபிரேமா போட்டோ எடுத்து அனுப்புறதில்ல, வெளிச்சம் மாற மாற விழித்திரைல இருக்குற செல்லுங்க ஓயாம சிக்னல் அனுப்பிட்டே இருக்கும். அப்ப அந்த 60 எங்கேருந்து வந்துச்சுன்னா, விளக்கை விட்டு விட்டு எரியவிட்டு, எந்த வேகத்துல அது தொடர்ந்து எரியுற மாதிரி தெரியுதுன்னு பாப்பாங்க, அது சுமாரா 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை) வரும், வெளிச்சம் கூடினா இன்னும் ஏறும். அது ஃபிளிக்கருக்கான (வெளிச்சம் துடிக்கிறது தெரியுறதுக்கான) எல்லை, அசைவுக்கு இல்ல. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம்தான் ஓடும், ஆனா அப்படியே காட்டினா திரை துடிக்கும்னு ப்ரொஜெக்டர் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் ரெண்டு மூணு தடவை காட்டும், அதாவது 48, இல்லேன்னா 72. ஃபிளிக்கர், அசைவு இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுலதான் பாதி சண்டையே.

அடுத்தது, "பிம்பம் கண்ணுல கொஞ்ச நேரம் தங்குது, அதனாலதான் சினிமா ஓடுது". இதை இன்னமும் பாடமா சொல்லிட்டிருக்காங்க. நிஜமாவே தங்குச்சுன்னா படம் மேல படம் ஏறி கலங்கலாத்தானே தெரியணும், எப்படி நகரும்? 1912ல மாக்ஸ் வெர்தைமர்ங்கற உளவியல் ஆய்வாளர் ரெண்டு கோட்டை ஒண்ணு விட்டு ஒண்ணா சின்ன இடைவெளியில காட்டினார், பாத்தவங்களுக்கு ஒரே கோடு நகர்ந்து போற மாதிரி இருந்துச்சு. அந்த நகர்வை உண்டாக்குறது மூளை. அதுக்குன்னே மூளைல தனி இடம் இருக்கு. அங்க பாதிப்பு வந்த ஒரு பெண்மணியைப் பத்தி 1983ல எழுதினாங்க, அவங்களுக்கு கலர் தெரியும், உருவம் தெரியும், அசைவு மட்டும் தெரியாது. டீ ஊத்தினா பனிக்கட்டியா உறைஞ்சு நிக்கும், எப்ப நிறுத்தணும்னே தெரியாது, தூரத்துல நின்ன கார் திடீர்னு பக்கத்துல இருக்கும்.

நமக்கு அந்தப் பிரச்சனை இல்ல, ஆனாலும் டிரெயின் எவ்வளவு ஸ்பீடா வருதுன்னு கண்ணாலேயே சொல்லிடலாம்னு நினைக்கிறது உயிருக்கே ஆபத்தான தப்பு. பெரிய பொருள் மெதுவா வர்ற மாதிரிதான் தெரியும், அது ஒண்ணு. இன்னொண்ணு, நேரா நம்மள நோக்கி வர்றது பக்கவாட்டுல நகராது, பிம்பம் பெருசாக மட்டும்தான் செய்யும். நொடிக்கு 20 மீட்டர்ல வர்ற டிரெயின்னு வெச்சுக்கோங்க (மணிக்கு 72 கிலோமீட்டர்தான், ஒண்ணும் பெரிய ஸ்பீடு இல்ல). 400 மீட்டர்லேருந்து 200க்கு வந்து பிம்பம் ரெண்டு மடங்காக 10 நொடி ஆகும், ஆனா 100லேருந்து 50க்கு வந்து மறுபடி ரெண்டு மடங்காக வெறும் ரெண்டரை நொடி. ரொம்ப நேரம் நிக்குற மாதிரியே இருந்துட்டு கடைசில பாய்ஞ்சு வரும்.

மிருகங்க பக்கம் வந்தா கதை இன்னும் ஜாஸ்தி. "ஈ எல்லாத்தையும் ஸ்லோ மோஷன்ல பாக்குது"ங்கறாங்க. ஈ 200 ஹெர்ட்ஸுக்கு மேல கூட ஃபிளிக்கரைப் பிரிச்சுப் பாக்கும், அதுவரைக்கும் சரி, அதுக்கு நேரம் மெதுவா ஓடுதான்னு இந்த நம்பர் சொல்லாது. அதோட நுணுக்கமா பாக்குறதுல ஈ நம்மகிட்ட ரொம்ப வீக், அதை யாரும் சொல்றதில்ல.

தவளையும் அப்படித்தான். அசையாத பூச்சியை அது இரையா எடுத்துக்காதுங்கறது உண்மை, 1959ல வந்த பிரபலமான ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கு. அதை இழுத்து "அசையாதது எதுவும் தவளைக்குத் தெரியாது"ன்னு ஆக்கிட்டாங்க, ஆனா முன்னாடி தடுப்பு இருந்தா அது சுத்திதான் போகும். இதையே நம்பி நாய், புலி முன்னாடி சிலையா நின்னா தப்பிச்சிடலாம்னு வேற சொல்றாங்க, அதுங்களுக்கு அசையாம நிக்குறதும் தெரியும் சாமி! காளைக்கு சிவப்பு பிடிக்காதுங்கறதும் இந்த ரகம்தான், அது பாயுறது துணி ஆடுறதுக்கு.

எனக்குப் பிடிச்சது புறா. நடக்கும்போது தலையை முன்ன பின்ன ஆட்டுதுன்னு நினைக்கிறோம், உண்மையில தலை முன்னால போய் அப்படியே நிக்கும், உடம்புதான் பின்னாடியே வந்து சேரும், அந்த நேரத்துல பாக்குறது கலங்காம இருக்கும். 1978ல புறாவை டிரெட்மில்ல, அதாவது நின்ன இடத்துலயே நடக்க வைக்கிற ஓடுற பட்டைல நடக்கவிட்டாங்க. சுத்தி இருக்குறது எதுவும் நகரல, தலை ஆட்டுறதும் நின்னுபோச்சு.