பாதையில் ஏறுமா உங்கள் வண்டி? திருகோணமலைப் பக்கம் ஓடித் திரியப் போகிறவர்களுக்கு

கனடாவில் கோடை வந்தால் ஆர்வி (படுக்கை, சமையல் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு ஏரிக்கரைகளில் போய்ப் படுத்துப் பழகிய நம் ஆட்கள், ஊரிலும் அப்படித் திரியலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திரியலாம். ஆனால் முப்பதடி வண்டியை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்றால் அந்த ஆசையை ரொறொன்ரோவிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். ஊரில் வாடகைக்குக் கிடைப்பவை சின்ன வானுக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டியவை, கூரையில் கூடாரம் ஏற்றிய ஜீப், மிஞ்சிப்போனால் ஒரு ஹையேஸ், அதாவது ரொயோட்டாவின் பெரிய வான். நான் போன முறை ஹையேஸ் எடுத்தேன். அடுத்த முறை அதைவிடச் சின்னதுதான், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ். சர்வதேச அனுமதிப்பத்திரம் இருக்கிறது தானே என்று நேரே ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது, இலங்கையில் அதை ஏற்றுக்கொள்ளும் பத்திரம் தனியாக வேண்டும். முன்பு இதற்காகவே கொழும்புக்குள் போய் ஒரு நாளைத் தொலைக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டரைத் திறந்தார்கள். அங்கேயே முடித்துக்கொண்டால் கொழும்பைக் கண்ணாலும் பார்க்கத் தேவையில்லை.

பார்க்கவும் வேண்டாம். விமான நிலையத்தில் இருந்து மினுவாங்கொடை, திவுலப்பிட்டி வழியாக மீரிகமைக்குப் போனால், 2022இல் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேக வீதி கிடைக்கும், 41 கிலோமீற்றர் அளவு. குருநாகல் டவுனுக்குள் இறங்காமல் யக்கபிட்டியவில் வெளியே வந்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியைப் பிடியுங்கள். தம்புள்ளையில் மரக்கறிச் சந்தை லொறிகளோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்கள் அனுராதபுரம் பக்கம் திரும்பி, மிகிந்தலை, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். சுற்றுத்தான், ஆனால் வாகனம் குறைவு, கடைசியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் வந்து நிற்பீர்கள். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டால் பயண அலுப்பு பாதி அங்கேயே போய்விடும்.

எந்த வழியாக வந்தாலும் இருட்டுக்கு முதல் வந்து சேருங்கள். ஹபரணை தாண்டி அலுத்ஓயாப் பக்கம் யானை றோட்டிலேயே நிற்கும். ஒருமுறை மாலை ஆறரைக்கு எங்களுக்கு முன்னால் போன பஸ் சும்மா நின்றுவிட்டது. ஹோர்ன் அடிக்கவில்லை, லைட்டையும் குறைத்துவிட்டார்கள். பத்து நிமிசம் ஒரு கொம்பன் காட்டோரம் நின்று யோசித்துவிட்டு உள்ளே போனது. பஸ்காரர் என்ன செய்கிறாரோ அதையே நீங்களும் செய்யுங்கள், கெட்டித்தனம் காட்ட வேண்டாம். பிறகு கந்தளாயில் சட்டித் தயிர் வாங்க மறக்காதீர்கள், சட்டியை உருளாமல் வைக்க ஒரு பழைய சீலையும் வண்டியில் இருக்கட்டும்.

திருகோணமலை டவுனுக்குள் வண்டியைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிலாவெளியில் தங்குகிறவர்களுக்குக் கன்னியாப் பக்கமாகப் போகும் வெளிச்சுற்று வீதி இருக்கிறது. கோணேஸ்வரத்துக்கு வண்டியைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். பழைய கல்வாசல் குறுகல், உள்ளே மான்கள் தங்கள் பாட்டில் திரியும்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லித் தர வேண்டும்: எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் வழி மட்டுமல்ல, வாகனம் ஏற்றி ஆறு கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். 'பாதை வந்திட்டுதா' என்று ஆற்றங்கரையில் யாராவது கேட்டால் தத்துவம் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாதைக்குப் பாதை இறங்கி ஏறித்தான் போக வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய பயணமே போச்சு. சண்டைக் காலத்தில் அதுவும் இல்லை, ஹபரணை, பொலன்னறுவை என்று நாட்டையே சுற்றினோம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 2011 அளவில் மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்தது. இப்போது ஏ15 வீதியில் மூதூர், கிளிவெட்டி, வெருகல், கதிரவெளி, வாகரை என்று நிற்காமல் ஓடலாம். நீங்கள் நிற்க வேண்டும். வெருகலில் முருகன் கோயிலடியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பதற்கு ஈடாக ஏ6 வீதியில் ஒன்றும் இல்லை.

பாதையில் ஏறியே தீர வேண்டும் என்கிறவர்கள் மட்டக்களப்பு வாவிக்குப் போங்கள். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதை போகும், அக்கரையில் மண்டூர் முருகன் கோயில். அங்கேதான் ஹையேஸ் எனக்குப் பாடம் படிப்பித்தது. முன் சில்லு பலகையில் ஏறி மிதவைக்குள் போய்விட்டது, பின் சில்லு ஏறும்போது வண்டியின் பின்பக்கம் நீளம் கூடியதால் பம்பர் பலகை விளிம்பில் உரசி ஒரு சத்தம். பாதைக்காரர் 'நிப்பாட்டுங்க தம்பி, அப்படியே நிப்பாட்டுங்க' என்று கத்தி, இரண்டு கட்டைத் துண்டுகளைச் சில்லுக்கு முன்னால் செருகி, ஒரு விரலை மட்டும் அசைத்து அசைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றி எடுத்தார். பின்னால் மோட்டார்சைக்கிளில் நின்ற டீச்சர்மார் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஆகவே சின்ன வண்டி, ஆட்களை இறக்கிவிட்டு ஏற்றுங்கள், ஹான்ட்பிறேக் போடுங்கள், கண்ணாடியைத் திறந்து வையுங்கள். காற்று, வெள்ளம், திருத்த வேலை எதற்கும் பாதை நிற்கும், காலையிலேயே கரைக் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆள் கூடிவிட்டால் அடுத்த தடவைக்கு நில்லுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம்.

வடக்கே போகிறவர்களுக்கு நிலாவெளி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை. அதற்கு மேல் தென்னமரவாடி, கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் என்று முல்லைத்தீவு வரை போகலாம். அப்படியே யாழ்ப்பாணம் போவதென்றால் வவுனியா வழியைவிட மெதுவானது, கடைகள் ஐதானவை, எண்ணெயைத் திருகோணமலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முல்லைத்தீவைத் தாண்டினால் வரும் வட்டுவாகல் பழைய பாலம் ஒரு பக்க வாகனத்துக்கு மட்டும் அகலமானது. எதிரே வருபவர் பாலத்தில் ஏறிவிட்டால் நீங்கள் நின்று விடுங்கள்.

இரவுப் படுக்கைக்குக் கனடாவில் போல கரண்டும் தண்ணியும் குழாயில் தரும் முகாம்கள் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். நான் செய்தது, உப்புவெளி, நிலாவெளி கெஸ்ட்ஹவுஸ்களில் ஒரு அறைக்குக் காசு கொடுத்துவிட்டு வளவுக்குள் வண்டியை விட்டு அதிலேயே படுத்தது. குளியலறை, கிணறு, கரண்ட் எல்லாம் வந்துவிடும். அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் அந்த அறை அவர்களுக்கு. கடற்கரையில் கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். எது கடற்படை வளவு என்று இருட்டில் தெரியாது, மணலில் சில்லு புதைந்தால் கயிறு கட்டி இழுக்க டிராக்டர் தேட வேண்டி வரும்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதி, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகும் அப்போதுதான் சுகமாகப் போகும். நவம்பர், டிசம்பரில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஏ15ஐ நம்பித் திட்டம் போடாதீர்கள். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணி போகும். 2025 நவம்பர் கடைசியில் மாவிலாற்று அணைக்கட்டே உடைந்தது. அந்த மாதங்களில் வானுக்கு வாடகை கொடுக்காமல், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இருந்து இரவு ரயிலில் ஏறிப் படுத்து வந்து, திருகோணமலையில் ஓட்டோ பிடித்துப் போய்விடுங்கள்.