அயர்லாந்துல ஒரு நாள் கார் ட்ரிப்: முதல் தடவை ஓட்டுறவங்களுக்கு கில்கென்னி பக்கம் ஒரு ரூட்

டப்ளின் வந்து இறங்குறவங்க எல்லாரும் முதல்ல பண்ற தப்பு ஒன்னு இருக்கு, மேப்பைப் பாத்து "இவ்ளோ சின்ன நாடுதானே"ன்னு ஒரே நாள்ல மேற்குக் கடற்கரை வரைக்கும் போய்ட்டு வரலாம்னு கிளம்பிடுவாங்க, பாதி நாள் மோட்டார்வேலயே போயிடும், அங்க போய் நின்னா மழை. நானும் அப்படித்தான் ஒரு தடவை போனேன், பார்த்தது மொத்தம் முக்கால் மணி நேரம், அதுல பாதி கழிவறை வரிசை. அதுக்கு அப்புறம் ஒரே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), நாலு இடம், இதுதான் என் ரூல். இந்த ரூட் கில்கென்னி கவுண்டிக்குள்ளயே சுத்துது. கிராமம், இடிஞ்ச கோட்டை மாதிரி மடம், தோட்டம் மூணுமே கிடைச்சிடும்.

படி 1: கார் எடுக்குறது

நம்ம ஊர் லைசென்ஸ் வச்சிருக்குற டூரிஸ்ட்டு இங்க ஓட்டலாம், லைசென்ஸ் நடப்புல இருக்கணும், அவ்வளவுதான். ஆனா வாடகைக் கம்பெனிக்குன்னு தனி ரூல்ஸ் இருக்கும், வயசு, எத்தனை வருஷ அனுபவம், ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு, இதெல்லாம் புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. சாதாரணமா கொடுக்குறது கியர் வண்டிதான், ஆட்டோமேட்டிக் வேணும்னா சொல்லி வைக்கணும், காசும் கூட ஆகும். நமக்கு ஒரு பெரிய நிம்மதி, இங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும்.

இன்சூரன்ஸ் பேப்பர்ல டயரும் கண்ணாடியும் சேருதான்னு பாருங்க, நிறைய பாலிசில சேராது. கிராமத்து ரோட்டுல முதல்ல அடி வாங்குறதே இடது பக்க டயரும் இடது பக்க சைடு மிரரும்தான். நான் ஒரு வளைவுல எதிர்ல வந்த டிராக்டருக்குப் பயந்து ஓரமா ஒதுங்கினேன், வேலிச் செடி நல்லா புசுபுசுன்னு இருக்கேன்னு நெனச்சா உள்ள கல்லு சுவர், மிரர்ல நீளமா ஒரு கோடு. வண்டி எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்து வச்சிக்கோங்க.

பெட்ரோலா டீசலான்னு கேட்டுக்கோங்க, இங்க பெட்ரோல் குழாய் பச்சை, டீசல் கருப்பு.

படி 2: டப்ளின்ல இருந்து வெளிய வர்றது

காலைல எட்டு மணிக்குள்ள கிளம்பிடுங்க. ஏர்போர்ட் பக்கத்துல இருந்து எம்50 ரோடு, அப்புறம் என்7, அதுல இருந்து எம்9. ஒன்றரை மணி நேரம்னு வச்சிக்கலாம். எம்50ல ஒரு டோல் இருக்கு, கேட்டும் கிடையாது கூண்டும் கிடையாது, கேமரா நம்பரைப் படம் புடிச்சிக்கும், அவ்வளவுதான். அந்தக் காசு விஷயம் கடைசில சொல்றேன், மறக்காதீங்க.

ஸ்பீடு எல்லாம் கிலோமீட்டர்லதான், மோட்டார்வேல 120, ஆர்னு ஆரம்பிக்குற ரோட்டுல வழக்கமா 80, ஊருக்குள்ள 50. எல்னு ஆரம்பிக்குற குட்டி ரோடுகள் முன்னாடி 80 இருந்துச்சு, 2025 பிப்ரவரில இருந்து 60. உண்மையைச் சொன்னா அதுல 40 போறதே தைரியம்தான், சில இடத்துல ரோட்டு நடுவுலயே புல்லு முளைச்சிருக்கும்.

படி 3: கில்கென்னி, ஒரு மணி நேரம் மட்டும்

ஊருக்குள்ள காரைப் போட்டுட்டு கோட்டைப் பூங்காவுல ஒரு நடை. இந்தக் கோட்டையை பட்லர் குடும்பம் 1391ல வாங்கினாங்க, கிட்டத்தட்ட 600 வருஷம் அவங்க கையில இருந்துச்சு, கடைசில 1967ல ஊருக்கே வெறும் 50 பவுண்டுக்குக் கொடுத்துட்டாங்க. பராமரிக்க முடியலன்னா அரண்மனையும் பாரம்தான். உள்ள போகணும்னா டிக்கெட், ஆனா இன்னைக்கு வேணாம், ரோஜாத் தோட்டம் பாத்துட்டு ஒரு காபியோட கிளம்பிடுங்க.

படி 4: கெல்ஸ் (இங்கதான் எல்லாரும் வழி மாறுவாங்க)

ஜிபிஎஸ்ல வெறுமனே கெல்ஸ்னு போட்டா மீத் கவுண்டில இருக்குற வேற கெல்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிடும், கையால எழுதின ஒரு பழைய புத்தகத்துக்குப் பேர் போன ஊர் அது, டப்ளினுக்கு இன்னொரு பக்கம். "கெல்ஸ் ப்ரையரி, கில்கென்னி"ன்னு முழுசா போடுங்க. கில்கென்னில இருந்து தெற்க சுமார் 15 கிலோமீட்டர்.

என்னைக் கேட்டா அன்னைக்கு முழுக்க இந்த ஒரு இடத்துலயே உக்காந்திருக்கலாம். 1193ல ஆரம்பிச்ச அகஸ்டீனியத் துறவிகள் மடம், ஆனா பாத்தா மடம்னு சொல்லவே மாட்டீங்க, சுத்தி மதில், மதில்ல கோபுரம் கோபுரமா நிக்குது, அதனாலதான் ஊர்க்காரங்க ஏழு கோட்டைன்னு சொல்றாங்க. டிக்கெட் இல்ல, காவலாள் இல்ல. காரை மேல நிறுத்திட்டு புல்வெளி சரிவுல இறங்கிப் போகணும், வழி பூரா ஆட்டுப் புழுக்கை, வெள்ளை ஷூ போட்டுட்டு வந்துடாதீங்க. மதிலுக்குள்ள ஆடுதான் மேஞ்சிட்டு இருந்துச்சு, ஒன்னு ஒரு வாசல் கல்லுல முதுகைச் சொறிஞ்சிட்டு எங்களைப் பாத்துச்சு, நகரவே இல்ல, நாங்கதான் சுத்திப் போனோம். பக்கத்துல கிங்ஸ் ஆறு ஓடுற சத்தம் தவிர வேற ஒன்னும் இல்ல. கேட்டைத் திறந்தா மூடிட்டு வாங்க, சுவர் மேல ஏறாதீங்க.

படி 5: ஜெர்பாய்ன்ட் மடம்

தாமஸ்டவுன் ஊருக்குப் பக்கத்துல, அரை மணி போதும், இது சிஸ்டர்சியத் துறவிகள் இடம், சின்ன டிக்கெட் உண்டு. இங்க பாக்க வேண்டியது தாழ்வாரத் தூண்கள். ஒவ்வொரு தூண் இடுக்குலயும் ஒரு உருவம், கவசம் போட்ட வீரன், சீமாட்டி, துறவி, நடுவுல ஒருத்தர் வயித்த வலி மாதிரி வயித்தைப் புடிச்சிட்டு நிக்கிறாரு. நம்ம கோயில் தூண்ல எங்கயாவது ஒரு மூலைல சிற்பி குறும்பு பண்ணி வச்சிருப்பானே, அந்த மாதிரி.

படி 6: சாப்பாடு, ரெண்டு மணிக்குள்ள

இது முக்கியம். கிராமத்து பப்ல மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா கிச்சனை மூடிடுவாங்க, மூணு மணிக்குப் போய் நின்னு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோட வந்திருக்கேன். இன்னைய சூப் என்னன்னு கேளுங்க, கூட பழுப்பு சோடா ரொட்டியும் வெண்ணெயும் வரும், குளிருக்கு அது போதும். சைவம்னா சூப்ல சிக்கன் ஸ்டாக் போட்டிருக்கான்னு கேட்டுடுங்க.

படி 7: இனிஷ்டீக், உட்ஸ்டாக் தோட்டம்

தாமஸ்டவுன்ல இருந்து ஆர்700 ரோடு, நோர் ஆத்தை ஒட்டியே போகும். போர்டுல இருக்குற ஸ்பெல்லிங்கைப் பாத்து படிச்சா வாய்ல நுழையாது, இனிஷ்டீக்னு சொல்லுங்க. பத்து வளைவு வச்ச பழைய கல் பாலம் ஒன்னு, நடுவுல மரத்தோட ஒரு சதுக்கம், அவ்வளவுதான் ஊரே.

அங்க இருந்து மேட்டுல ஏறினா உட்ஸ்டாக். பெரிய மாளிகை, 1922ல உள்நாட்டுப் போர் சமயத்துல எரிச்சிட்டாங்க, இப்ப வெறும் சுவர். ஆனா தோட்டம் பொழைச்சிக்கிச்சு. மங்கி பஸுல்னு சிலி நாட்டு மரம், குரங்குக்கே எப்படி ஏறுறதுன்னு குழப்பம் வரும்னு வச்ச பேர், அது ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கிற நீளமான பாதை ஒன்னு இருக்கு. ஒரு இலையைத் தொட்டுப் பாருங்க, இலை இல்ல அது, கெட்டியான முள்ளு. ஜூன்ல போனா பத்து மணி வரைக்கும் வெளிச்சம், நிதானமா நடக்கலாம். டிசம்பர்னா நாலு மணிக்கே இருட்டிடும், அப்போ படி 5ஐ விட்டுடுங்க, கெல்ஸை விடாதீங்க.

படி 8: திரும்பி வர்றது

குறுகல் ரோட்டுல எதிர்ல வர்றவர் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவாரு, திட்டல, வணக்கம் சொல்றாரு, நீங்களும் தூக்குங்க. டேங்க் நிரப்பிட்டு எம்9 புடிச்சு வந்துடுங்க.

இப்ப அந்த டோல் காசு. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள இஃப்ளோன்னு டோல் கட்டுற சைட்லயோ, பேஸோன் போர்டு போட்ட கடைலயோ வண்டி நம்பர் சொல்லிக் கட்டணும், இல்லன்னா அபராதம் ஏறும். வாடகை வண்டில சில கம்பெனி அவங்களே கட்டிட்டு உங்க கார்டுல எடுத்துக்குவாங்க, அதனால சாவி வாங்கும்போதே கேளுங்க. நான் கேக்காம ரெண்டு தடவை கட்டினேன்.