பிக்கப் ஏசியில் ஒரு பக்கம் மட்டும் அனல்: நான் சரிசெய்த விதம்
ஏசி போட்டால் டிரைவர் பக்கம் அனல், பக்கத்து சீட்டுக்கு ஜில்லென்ற காற்று. கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகலாம். பானட்டைத் திறந்தேன்: ஏசியின் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருந்தது, அதனால் கேஸ் குறையவில்லை; இன்ஜினின் சூடான கூலன்ட் போய்வரும் ஹீட்டர் ஹோஸ் இரண்டும் நல்ல சூடு. (ஒன்று மட்டும் ஆறியிருந்தால் ஹீட்டர் கோர், அதாவது உள்ளே சூடுகாற்று தரும் சிறு ரேடியேட்டர், அடைத்திருப்பதாகச் சந்தேகிக்கலாம்.) ஆக, கோளாறு டேஷ்போர்டுக்குள்.

வெப்பநிலைக் குமிழைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவை (பிளெண்ட் டோர்) அசைக்கும் மோட்டாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தால் வருவது. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள பேனலைக் கழற்றி, ஸ்குரூக்களை எடுத்து மோட்டாரை இறக்கினேன். புதுசு வாங்குமுன் அந்தக் கலக்கும் கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகி நின்றால் சிக்கல் கதவில், மோட்டார் மாற்றுவது வீண்செலவு. எனக்கு லேசாகச் சுழன்றது.

புதியதை மாட்டி, பேட்டரி நெகட்டிவைச் சற்றுநேரம் கழற்றி மாட்டினேன். பல மாடல்களில் சாவியை ஆன் செய்து பட்டன் எதையும் தொடாமல் விட்டால், கதவு முழுச் சூடு, முழுக் குளிர் என நிற்கும் இரண்டு எல்லையையும் மோட்டார் தானே பிடித்துக்கொள்ளும்.